இடையில் வானம் மட்டும்: அமெச்சூர் வானொலியின் வற்றாத வியப்பு

1928ஆம் ஆண்டு மே 25 அன்று, வட துருவத்துக்கு மேலே பறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ‘இத்தாலியா’ என்னும் வான்கப்பல் ஆர்க்டிக் பனிப்பரப்பில் மோதி உடைந்தது. பனியின் மீது வீசியெறியப்பட்டவர்களில் வானொலி இயக்குநர் ஜுசெப்பே பியாஜியும் ஒருவர். சிதறிக் கிடந்த பொருள்களிடையே அவசரகாலத்துக்கென எடுத்து வந்திருந்த சிறிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் உடையாமல் கிடைத்தது. அதைக் கொண்டு அவர் நாள்தோறும் உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார். சில நூறு கிலோமீட்டர் தொலைவில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் துறைமுகத்தில் நின்றிருந்த துணைக்கப்பலுக்கு அது கேட்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 3 அன்று, விபத்து நடந்த இடத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ரஷ்யாவின் உட்பகுதிச் சிற்றூர் ஒன்றில், தன் கையால் அமைத்த வானொலி வாங்கியை வைத்துக்கொண்டிருந்த நிகோலாய் ஷ்மித் என்ற இளைஞருக்கு அது கேட்டது. எழுத்துகள் சிதைந்து வந்த அந்தச் செய்தியை அவர் தந்தியில் மாஸ்கோவுக்குத் தெரிவித்த பிறகே, பனியில் சிக்கியவர்கள் உயிரோடிருப்பதை உலகம் அறிந்தது. ஜூலை 12 அன்று ‘கிராசின்’ என்னும் சோவியத் பனியுடைப்புக் கப்பல் அவர்களை அடைந்தது.

துணைக்கப்பலின் வானொலி அறை போதிய கவனத்தோடு கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்ததுண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிற்றலை டிரான்ஸ்மிட்டரிலிருந்து புறப்படும் அலை இரண்டு வழிகளில் செல்கிறது. தரையை ஒட்டிச் செல்லும் பகுதி விரைவிலேயே தேய்ந்து மறைந்துவிடும். வானை நோக்கிச் செல்லும் பகுதியோ, வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்றிருக்கும் படலங்களில் வளைந்து, நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மீண்டும் தரையில் இறங்கும். தரையலை முடியும் இடத்துக்கும் வானலை இறங்கும் இடத்துக்கும் நடுவே, எத்தனை நல்ல கருவியை வைத்திருந்தாலும் எதுவும் கேட்காத ஒரு வளையம் அமைந்துவிடுகிறது. துணைக்கப்பல் அந்த வளையத்துக்குள்ளும் ரஷ்யச் சிற்றூர் அதற்கு அப்பாலும் இருந்தன என்று கொண்டால், பக்கத்திலிருந்தவருக்குக் கேட்காதது தொலைவிலிருந்தவருக்குக் கேட்டதில் மர்மம் ஏதுமில்லை.

மர்மம் விலகிய பின்னும் வியப்பு குறைவதில்லை என்பதே, தொழிலாக அன்றி ஆர்வத்துக்காக உரிமம் பெற்று ஒலிபரப்பும் அமெச்சூர் வானொலியின் தனித்தன்மை. கைப்பேசியை எடுத்து உலகின் எந்த மூலையில் இருப்பவரோடும் முகம் பார்த்துப் பேசலாம் என்றான பிறகு, தொண்டை வறளக் கூவி, இரைச்சலுக்கிடையே அரைகுறையாக ஒரு பெயரைக் கேட்டு மகிழ்வதற்கு எதற்காக உரிமத் தேர்வு எழுத வேண்டும், எதற்காகக் கூரையேறிக் கம்பி கட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அமெச்சூர்கள் விரும்புவது பேச்சைத்தான் என்று எண்ணிக்கொள்வதால் எழும் கேள்வி இது. கைப்பேசியில் பேசும் இருவருக்கு இடையில் கோபுரங்களும் கடலடிக் கம்பிகளும் நிறுவனங்களும் இருக்கின்றன. தொலைவு என்ற ஒன்று இருப்பதையே நமக்குத் தெரியாமல் செய்வது அவற்றின் வேலை. அமெச்சூர் வானொலியில் இந்த முனையில் ஓர் ஆன்டெனா, அந்த முனையில் ஓர் ஆன்டெனா, இடையில் வானம் மட்டும். அந்த வானம் இன்று வழிவிடும், நாளை விடாது. கிடைத்தே தீரும் என்று தெரிந்த தொடர்பில் யாரும் வியப்படைவதில்லை. கிடைக்காமல் போயிருக்கக்கூடிய தொடர்பு கிடைக்கும்போது மட்டுமே மனம் துள்ளுகிறது.

அந்த வானத்தின் போக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்ட ஒருவர் நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதிலேயே நிலைத்திருப்பதற்கு அதுவே முதல் காரணம். சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அவ்வாறு உருவாகும் அயனி மண்டலம் ஒரே சீரான கூரையன்று, அடுக்கடுக்கானது. ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி படலம், அதற்கு மேல் 100 கிலோமீட்டரை ஒட்டி ஈ படலம், அதற்கும் மேலே 200 முதல் 400 கிலோமீட்டர் வரை எஃப் படலம். சிற்றலையைத் தொலைதூரம் கொண்டுசெல்வது பெரும்பாலும் எஃப் படலம்தான். ஒரே தாவலில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடத்திவிடும், தரையிலோ கடலிலோ பட்டு மீண்டும் எழும்பினால் இன்னொரு தாவல். டி படலத்தின் வேலை நேர்மாறானது. அங்கே காற்று அடர்த்தி மிகுதி என்பதால், அலையால் ஆட்டுவிக்கப்படும் எலக்ட்ரான்கள் அணுக்களோடு மோதி ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. அதிர்வெண் குறையக் குறைய இழப்பு கூடுகிறது.

பகலில் 80 மீட்டர் பேண்டில், அதாவது ஏறத்தாழ 80 மீட்டர் அலைநீளமுள்ள அலைவரிசைத் தொகுதியில், அண்டை மாவட்டத்தைத் தாண்ட முடியாமல் திணறும் அதே கருவி, இரவில் கண்டம் தாண்டிப் பேசுவதற்கு இதுவே காரணம். சூரியன் மறைந்ததும் டி படலம் சில நிமிடங்களில் கலைந்துவிடுகிறது. மேலே காற்று மெலிந்திருக்கும் எஃப் படலத்திலோ பிரிந்த எலக்ட்ரான்கள் மீண்டும் அணுக்களோடு சேர்வதற்கு நேரமாகும் என்பதால், அது இரவு முழுவதும் வலுக்குறைந்தேனும் நீடிக்கிறது. இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் அந்திநேரத்தின் அதிசயம் பிறக்கிறது. பூமியைப் பகல் பாதி, இரவு பாதி எனப் பிரிக்கும் கோட்டின் மீது இருவர் இருந்தால், ஒருவருக்குப் பொழுது விடிந்துகொண்டும் மற்றவருக்குச் சாய்ந்துகொண்டும் இருக்கும். இருவர் தலைக்கு மேலும் உறிஞ்சும் படலம் இல்லை, வளைக்கும் படலம் மட்டும் இருக்கிறது. உலகின் மறுபக்கத்துக் குரல்கள் அந்த நேரத்தில் எழும்பி வந்து, கால் மணியோ அரை மணியோ நின்று, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அமிழ்ந்துபோகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழி இவர்களுக்கென்றே சொல்லப்பட்டதோ என்று தோன்றும்.

நாளுக்கொரு சுழற்சி இருப்பது போலவே சூரியனுக்கு ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியும் உண்டு. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸ், அதாவது 10 மீட்டர் பேண்ட், பகல் முழுவதும் திறந்திருக்கும். ஐந்து வாட் ஆற்றலும் ஒரு சாதாரணக் கம்பியும் கடல் கடக்கப் போதும். புள்ளிகள் அருகும் ஆண்டுகளில் அதே பேண்ட் வாரக்கணக்கில் வெறும் இரைச்சலாகக் கிடக்கும். பதிவானவற்றிலேயே மிக வலிமையான உச்சம் 1957-58இல் வந்தது; அந்தக் காலத்தைக் கண்டவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. இப்போதைய 25ஆவது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி 2024இல் உச்சக் கட்டத்தை எட்டியது. உச்சக் காலத்துக்கே உரிய இடையூறும் உண்டு. சூரியனில் பெருஞ்சுடர் ஒன்று வெடித்தால், அதன் எக்ஸ் கதிர்கள் ஒளியோடு சேர்ந்து எட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்து டி படலத்தைத் தடிக்கச் செய்துவிடும்; பகல் பாதியில் சிற்றலை முழுவதும் திடீரென அடங்கிப்போகும். புதியவர்கள் கருவி பழுதாகிவிட்டதென்று ஆன்டெனாக் கம்பியை ஆட்டிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் தேநீர் போட எழுந்து போவார்கள்.

இத்தனை வளமான சிற்றலைப் பகுதி அமெச்சூர்கள் வசம் வந்த விதம் வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. மார்க்கோனி 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய மோர்ஸ் எழுத்தை, அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில், பட்டத்தில் ஏற்றிய கம்பியின் மூலம் கேட்டதாக அறிவித்தபோது, வளைந்த பூமியைத் தாண்டி அலை எப்படி வந்தது என்பது புதிராகவே இருந்தது. உயரத்தில் மின்கடத்தும் படலம் ஒன்று இருக்க வேண்டுமென்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தனர். நடைமுறை மனிதர்கள் ஊகத்துக்குக் காத்திருக்கவில்லை. அலைநீளம் கூடினால் தொலைவும் கூடும் என்ற அனுபவப் பாடத்தை நம்பி, ஆயிரக்கணக்கான மீட்டர் அலைநீளத்தில் மலைபோன்ற நிலையங்களைக் கட்டினர். அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம், கப்பல்களுக்கும் கடற்படைக்கும் தொந்தரவாக இருந்த அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டது. அன்றைய அறிவின்படி அவை உதவாத அலைகள். தொல்லைக்காரப் பிள்ளைகளைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பியது போன்ற ஏற்பாடு. கொல்லையில் புதையல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

1914இல் ஹைரம் பெர்சி மாக்சிம் முன்னின்று தொடங்கிய அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம், பெயருக்கேற்ப, செய்தியை ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கி அடுத்தவருக்கு அனுப்பும் சங்கிலியாகவே செயல்பட்டது. நேரடியாகத் தொலைதூரம் எட்டுவது முடியாதென்று உறுப்பினர்களே எண்ணியதன் அடையாளம் அது. முதல் உலகப் போரின்போது அமெச்சூர் நிலையங்கள் மூடப்பட்டன. போருக்குப் பின், மெல்லிய குறிகளைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள் கைக்கெட்டியதும் நிலைமை மாறியது. 1921 டிசம்பரில் கழகம் பால் காட்லி என்பவரை நல்ல வாங்கி ஒன்றோடு ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்கு அனுப்பியது. கடற்கரை வயலில், குளிரிலும் மழையிலும் கூடாரமிட்டு அமர்ந்த அவர், இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க அமெச்சூர் நிலையங்களைக் கேட்டார். கேட்பது வேறு, இருபக்கமும் பேசிக்கொள்வது வேறு. 1923 நவம்பர் இறுதியில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாய், அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்த ஃபிரெட் ஷ்னெல்லோடும் ஜான் ரைனார்ட்ஸோடும் ஏறத்தாழ 110 மீட்டர் அலைநீளத்தில் உரையாடினார். அலைநீளத்தைப் பாதியாகக் குறைத்ததும் அட்லாண்டிக் சுருங்கிவிட்டது. அடுத்த ஆண்டே, 1924 அக்டோபர் 18 அன்று, நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் பண்ணை ஒன்றிலிருந்து ஃபிராங்க் பெல் அனுப்பிய அழைப்புக்கு லண்டனின் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டர் பதிலளித்தார். பூமியில் அதைவிடத் தொலைவாகப் பேசுவதற்கு இடமே இல்லை எனலாம்.

பெரும் நிலையங்களின் பொறியாளர்கள் காணாததை அமெச்சூர்கள் கண்டார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. மார்க்கோனியின் நிறுவனமும் அதே ஆண்டுகளில் சிற்றலையைச் சோதித்துக்கொண்டிருந்தது. உயரத்தில் மின்கடத்தும் படலம் உண்மையிலேயே இருப்பதை 1924இல் சோதனையால் நிறுவியவர் இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டன். அதற்காக அவருக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில், நூற்றுக்கணக்கான இரவுகளில், இலாபக் கணக்கு இல்லாமல் முயன்று பார்க்க எந்த நிறுவனத்தாலும் முடிந்திருக்காது. சிற்றலையின் மதிப்பு தெரிந்ததும் அரசுகளும் வணிகமும் அதை நாடி வந்தன. 1925இல் பாரிசில் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் உருவானதும், 1927இல் வாஷிங்டன் மாநாட்டில் அமெச்சூர்களுக்கெனத் தனி அலைவரிசைகள் உலக அளவில் ஒதுக்கப்பட்டதும் இந்தப் பின்னணியில்தான். வாரிக் கொடுக்கவில்லை; முழுவதையும் பிடுங்கவும் இல்லை.

இன்றைய சர்வதேச விதிகள் இந்தச் சேவையை வரையறுக்கும் முறையே சுவையானது. தன்னைத்தானே பயிற்றுவித்துக்கொள்ளவும், தமக்குள் தொடர்புகொள்ளவும், தொழில்நுட்ப ஆய்வு செய்யவும், பண நோக்கமின்றிச் சொந்த ஆர்வத்தால் மட்டும் ஈடுபடும் உரிமம் பெற்றவர்களுக்கான சேவை அது. தேர்வில் தேறினால் நாட்டைக் காட்டும் முன்னெழுத்தோடு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். உலகில் வேறு யாருக்கும் அது இராது. மற்றச் சேவைகளில் முத்திரையிட்ட கருவியை வாங்கித்தான் பயன்படுத்த முடியும். இங்கோ பற்றவைப்புக் கோலை எடுத்துத் தன் டிரான்ஸ்மிட்டரைத் தானே செய்து, கண்டங்களைத் தாண்டும் ஆற்றலோடு இயக்க அரசே அனுமதிக்கிறது. இது எவ்வளவு அரிய சலுகை என்பதை இத்துறையினரே சில சமயம் மறந்துவிடுகிறார்கள். அதற்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வணிகம் பேசக் கூடாது. பொருளை மறைக்கும் சங்கேத மொழி கூடாது. எவரும் கேட்கலாம் என்பதால் எவரும் கேட்கத்தக்கதையே பேச வேண்டும்.

அதனால்தானோ என்னவோ, பேசப்படும் பொருள் பெரும்பாலும் சலிப்பூட்டக்கூடியது. கேட்பவர் எவராயினும் பதில் தருக என்று பொருள்படும் ‘சி க்யூ’ அழைப்பில் தொடங்கும். பதில் வந்தால் அழைப்புக் குறிகள் மாறும். உன் ஒலி எவ்வளவு தெளிவாக, எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று எண்களில் அறிக்கை தரப்படும். பெயர், ஊர், ஆற்றல் எத்தனை வாட், ஆன்டெனா எத்தகையது, அங்கே மழையா வெயிலா. கடைசியில் தந்திக் காலத்திலிருந்து வாழ்த்துக்குக் குறியாக நிற்கும் 73. அந்நியர் இருவர் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆனால் அந்த அறிக்கை எண் வெறும் சம்பிரதாயமன்று. உரையாடலின் உள்ளடக்கமே அதுதான். பத்து மீட்டர் நீளக் கம்பியை இரண்டாக வெட்டி நடுவில் இணைப்பு கொடுத்து மரத்துக்கும் சுவருக்கும் இடையே கட்டிய ஒருவருக்கு, ‘20 மீட்டரில் உன் ஒலி தெளிவாகக் கேட்கிறது’ என்று பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒரு வரி, கணக்கும் கையுழைப்பும் சரியாக அமைந்தன என்பதற்கான சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் காகிதத்திலும் பெறும் வழக்கம் நூறாண்டாக நிலைத்திருக்கிறது. தொடர்பை உறுதிசெய்து அஞ்சலில் வரும் ‘க்யூ எஸ் எல்’ அட்டைகளைச் சுவர் நிறைய ஒட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. ஜோர்தான் மன்னர் ஹுசைன் இத்துறையில் ஈடுபட்டவர். அவரது அட்டை பலருக்கும் பெருமைக்குரிய சேகரிப்பாக இருந்தது. அலைவரிசையில் அவரும் ஓர் அழைப்புக் குறிதான்.

அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு ‘ஹாம்’ என்ற பெயர் வந்த கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. தொழில்முறைத் தந்தியாளர்கள் கைப்பழக்கம் போதாதவரைக் கேலியாக அழைத்த சொல் அது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கேலியை வாங்கிப் பட்டமாக அணிந்துகொண்டார்கள். அந்தத் தந்தியாளர்களின் மோர்ஸ் வணிக உலகிலிருந்து மறைந்த பின்னும் அதைக் காப்பாற்றி வருபவர்கள் இந்த ஹாம்கள்தான். 2003இல் சர்வதேச விதிகள் மோர்ஸ் தேர்வைக் கட்டாயத்திலிருந்து நீக்கியபோது, இனி அது அழியும் என்று பலர் வருந்தினர். தேர்வுக்காக அல்லாமல் விருப்பத்துக்காகக் கற்பவர்களால் அது இன்றும் பேண்டின் கீழ்ப்பகுதி முழுவதும் கேட்கிறது. குறைந்த ஆற்றலில், எளிய கருவியில், இரைச்சலைக் கிழித்துக்கொண்டு செல்லும் திறன் மோர்ஸுக்கு இருப்பதும் ஒரு காரணம்.

அந்தத் திறனில் மோர்ஸை மிஞ்சியது கணினி. துடிக்கும் விண்மீன் ஒன்று இன்னொன்றோடு சுற்றும் இணையான இரட்டைப் பல்சாரைக் கண்டறிந்ததற்காக 1993இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர் சிறுவயது முதலே ஹாம். விண்மீன்களின் மெல்லிய துடிப்புகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கணிதத்தை அவர் தம் பொழுதுபோக்குக்குத் திருப்பினார். 2017இல் ஸ்டீவ் ஃபிராங்கேயோடு சேர்ந்து அவர் வெளியிட்ட எஃப்டி8 முறை சில ஆண்டுகளிலேயே சிற்றலையை ஆட்கொண்டது. கடிகாரங்களை ஒத்திசைத்துக்கொண்டு, 15 விநாடிக்கு ஒருவர் மாறி ஒருவர் சிறு செய்திகளை அனுப்ப வேண்டும். மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாகப் படுவதிலிருந்து கணினி அழைப்புக் குறியை எடுத்துத் திரையில் காட்டும். சூரியப் புள்ளிகள் அருகியிருந்த ஆண்டுகளில் செத்துக் கிடந்ததாக எல்லோரும் நம்பிய பேண்டுகள், உண்மையில் மெல்லிய குரலில் திறந்தே இருந்தன என்பது இதனால் தெரியவந்தது. ஆனால் ஹாம்களிடையே இது பற்றிக் கசப்பான வாதமும் உண்டு. இரண்டு கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதை மனிதர் அருகில் அமர்ந்து பார்ப்பது வானொலியா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆயினும் வியப்பின் மூலம் உரையாடலில் இல்லை, பாதையில் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால், பாதையை இத்தனை நுட்பமாகக் காட்டும் கருவியைப் பழிப்பதற்கில்லை. கால் வாட்டுக்கும் குறைவான ஆற்றலில் அனுப்பிய அலை மறு அரைக்கோளத்தில் பிடிக்கப்பட்டதைத் திரையில் காணும்போது, ஒரு சொல்கூடப் பேசாமலேயே மயிர் சிலிர்க்கிறது.

இப்பொழுதுபோக்கைப் பேரிடர்க் காலத்து உதவியைக் காட்டித்தான் வெளியாருக்கு அறிமுகம் செய்வது வழக்கம். அது பொய்யில்லை. 2004 டிசம்பரில், நெடுங்காலம் அமெச்சூர் ஒலிபரப்பே இல்லாதிருந்த அந்தமானிலிருந்து உலகோடு பேசுவதற்கென்றே பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் அடங்கியதும், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளே தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திக் கம்பியாயின. மின்கலமும் கம்பியும் இயக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும், நடுவில் சரிந்து விழக் கோபுரம் இல்லை என்பதே இதன் பலம். இருந்தாலும் பேரிடருக்கு உதவுவதற்காக ஒருவர் நாற்பது ஆண்டுகள் கூரையேறுகிறார் என்று நம்புவது கடினம். தினமும் அந்தியில் வாங்கியைத் திருப்பும் ஆசைதான் அந்தக் கையைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. ஆபத்து நேரும் நாளில் பயன்படுவது அந்தப் பயிற்சி.

இன்று இந்த ஆசைக்குத் தடையாக வளர்ந்திருப்பது ஆர்வக் குறைவைவிட இரைச்சல். மின்னேற்றிகள், எல்இடி விளக்குகளின் மின்வழங்கிகள், சூரிய மின்தகடுகளோடு இணைந்த இன்வெர்ட்டர்கள் ஆகியவை மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைப்பவை. தரமான வடிகட்டி இல்லாவிட்டால் சிற்றலை முழுவதையும் சீறலால் நிரப்பிவிடும். நகரத்து அடுக்ககத்தில் வாழும் ஹாமுக்கு மெல்லிய குரல்கள் கேட்பதே இல்லை. வார இறுதியில் மின்கலத்தைத் தூக்கிக்கொண்டு குன்றேறுகிறவர்கள் பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு சிலர் அமைதியான ஊரில் நிலையத்தை அமைத்து, இணையத்தின் வழியே வீட்டிலிருந்து இயக்குகிறார்கள். இடையில் வானம் மட்டும் இருந்த இடத்தில் கம்பியும் நிறுவனமும் நுழைந்துவிட்டன என்று பழையவர்கள் முணுமுணுப்பது இதைப் பற்றித்தான்.

பூமியின் வானம் போதாதவர்கள் அதற்கு வெளியேயும் போனார்கள். நிலவின் மீது அலையை எறிந்து எதிரொலியைக் கேட்பது அதில் உச்சம். போய்த் திரும்ப ஏறத்தாழ 7,70,000 கிலோமீட்டர், இரண்டரை விநாடி. 144 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய ஆற்றலில் திரும்பி வருவது 1-ஐ அடுத்து இருபத்தைந்து சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கே. 1960இல் அமெரிக்க அமெச்சூர் குழுக்கள் இரண்டு முதன்முறையாக நிலவின் வழியே ஒருவரோடொருவர் தொடர்புகொண்டன. தான் அனுப்பிய மோர்ஸ் எழுத்து, கையைத் தந்திச் சாவியிலிருந்து எடுத்துவிட்ட பிறகு நிலவில் பட்டுத் தனக்கே திரும்பக் கேட்பதைப் போல ஒரு வீட்டுக் கொல்லையில் அமர்ந்து அடையக்கூடிய அனுபவம் வேறொன்று இருக்கிறதா என்று தெரியவில்லை.

செயற்கைக்கோளிலும் அவர்கள் தாமதிக்கவில்லை. ஸ்புட்னிக் பறந்து நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12 அன்று, ராணுவ ராக்கெட்டில் எடைக்கட்டிக்குப் பதிலாக இடம்பிடித்து ‘ஆஸ்கார் 1’ விண்ணேறியது. அட்லாண்டிக் தாண்டிய மார்க்கோனியின் அறிவிப்புக்குச் சரியாக அறுபதாம் ஆண்டு நாள். ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி ஒரே ஒரு சொல்லை மோர்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது: எச், ஐ. வெளியாருக்கு அது வணக்கம். தந்திக் குழூஉக்குறியில் அது சிரிப்பொலி. 1983இல் ஓவன் காரியட் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து முதல் அமெச்சூர் உரையாடலை நடத்தினார். இன்று சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்குள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அங்கிருப்பவர்களிடம் கேள்வி கேட்கிறார்கள். 2018இல் ஏவப்பட்ட ஒரு புவிநிலைச் செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கெனத் தனிக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அது நகராமல் ஒரே இடத்தில் நின்று, பிரேசில் முதல் தாய்லாந்து வரை இருப்பவர்களை நாள் முழுவதும் இணைக்கிறது. உறுதியான தொடர்பு, அதனாலேயே சிலருக்கு அதில் சுவை குறைவு.

அவர்கள் விரும்பித் தேடுவது வேறொன்றை. 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட ‘ஆஸ்கார் 7’ ஏழாண்டு உழைத்து, 1981இல் மின்கலம் உள்ளேயே குறுக்கிணைப்பாகி ஊமையானது. அதை எல்லோரும் மறந்த பிறகு, 2002 ஜூன் 21 அன்று அதன் ஒலி மீண்டும் கேட்டது. குறுக்கிணைப்பாகிக் கிடந்த மின்கலம் காலப்போக்கில் முற்றிலும் அறுந்துபோக, சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராகக் கருவிக்குச் செல்லத் தொடங்கியிருந்தது. சேமிக்க மின்கலம் இல்லாததால் வெயிலில் இருக்கும்வரை அது பேசும், பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் அணையும், வெளியே வந்தால் மீண்டும் விழிக்கும். அதன் வழியே பேசுபவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். நிழல் முந்திக்கொண்டால், அழைப்புக் குறியின் கடைசி எழுத்து மேலேயே நின்றுவிடுகிறது.